தூரம் பார்க்கும் குழாய்

“இது உங்க வீடு வரைக்கும் எட்டுமா, அண்ணாச்சி?”

கேட்டவன் தோளில் உறை போட்ட துப்பாக்கி தொங்கியது. பெயர் இனிகோ. உப்பளத்தில் சுட்டுப் பழகும் ரைபிள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவன்.

பழைய கப்பல் சாமான் கடைக்குள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த பிளாரன்ஸின் கை அப்படியே நின்றது.

அவள் கணவன் பொன்னுதுரை அதைக் கவனிக்கவில்லை. மேசைமேல் குட்டை ஒன்றும் நீளம் ஒன்றுமாக இரண்டு குழாய்களை எடுத்து வைத்தான். உடைக்கப்போன கப்பல்களிலிருந்து வந்தவை. குறுக்கே பிடித்து நடுவில் கண்ணை வைத்தால், எதிரில் இருப்பது இரண்டு பாதியாக விலகித் தெரியும். சக்கரத்தைத் திருகி ஒன்றாகச் சேர்த்தால், எத்தனை கெஜத் தூரம் என்று முள் காட்டிவிடும்.

கிளப்பில் குறி வைப்பது முந்நூறு கெஜத்தில்தானே, அதற்குக் குட்டைக் குழாயே தாராளம் என்றான் பொன்னுதுரை.

இனிகோ குட்டையைத் தொடவே இல்லை.

“நீளமானதுதான் வேணும். உப்பளத்துல நின்னு பாத்தா உங்க வீட்டுத் துணிக்கொடி தெளிவாத் தெரியணும்.”

பிறகு பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான். சாயங்காலம் முற்றத்தில்தான் விளையாடுமா என்று கேட்டான். பிளாரன்ஸ் பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவன் போனான்.

“அவருக்கு விக்காதீங்க, அத்தான். குறிக்கும் நம்ம வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம துணிக்கொடியில அவருக்கு என்ன வேலை?”

“ஏளா, நான் என்ன குண்டா விக்கேன்? தூரம் பாக்குற குழாய்தானே. கான்வென்ட்டுல ஜெபத்தோட சேத்து பயத்தையும் படிச்சுக் குடுத்துட்டாங்களோ?”

அன்று சாயங்காலம் அவள் பிள்ளையை முற்றத்தில் விடவில்லை. கொடியில் பாதி காய்ந்திருந்த சட்டைகளையும் உருவி உள்ளே போட்டாள். உப்பளத்தில் யார் நின்றாலும் அவன் நிற்பது போலவே இருந்தது.

மறுநாள் பொன்னுதுரை புதுத் துறைமுகத்துக்குச் சரக்குப் பார்க்கப் போயிருந்தான். தெருமுனையில் இனிகோவின் தலை தெரிந்ததும், பிளாரன்ஸ் நீளக் குழாயைத் தூக்கிச் சாக்குக் குவியலுக்கு அடியில் திணித்தாள்.

“அது காலையிலேயே வித்துப் போச்சு” என்றாள்.

அவன் முகம் வாடிவிட்டது. வேறு எங்காவது கிடைக்குமா என்று கேட்டான். தெரியாது என்றாள். வாங்கியவரிடம் ஒரு நாள் இரவல் கேட்டுப் பார்க்கலாமா என்றான். அவர் வெளியூர் என்றாள்.

பொய் இவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

“நீங்க சுடுறது முந்நூறு கெஜம். எங்க வீட்டை எதுக்கு அளக்கணும்?”

இனிகோ தயங்கினான். அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் நேற்றுச் சொல்லவில்லை என்றான்.

“குறிக்குப் பின்னால இப்ப உப்பு அம்பாரம் நிக்குது, தங்கச்சி. தப்புற குண்டையெல்லாம் அதுதான் வாங்கிக்கிடுது. நாளைக்கு லாரி வந்து அம்பாரத்த அள்ளிட்டுப் போயிரும். அதுக்கு அந்தால நேரா உங்க வீடுதான்.”

கிளப்பில் சொல்லிப் பார்த்தானாம். வீடு எங்கேயோ கிடக்கிறது, அவ்வளவு தூரம் குண்டு போகுமா என்று சிரித்தார்களாம். கிளப்பில் இருக்கும் குட்டைக் குழாய் அவ்வளவு தூரத்துக்குச் சரியாகக் காட்டாது என்று, அதால் அளந்து சொன்னதை யாரும் நம்பவில்லையாம். சரியாக அளந்து காட்டினால்தான் குறியை மணல்மேட்டுப் பக்கம் திருப்புவார்களாம்.

பிளாரன்ஸின் கண் சாக்குக் குவியல் பக்கம் போனது.

படியிறங்கிய இனிகோ திரும்பி நின்றான்.

“ஞாயித்துக்கிழமை சுடுறாங்க. அன்னைக்கு மட்டும் பிள்ளைய முற்றத்துல விட்டுராதீங்க, தங்கச்சி.”