சிவப்புப் பலகை

மாலை வெயில் பணிமனைத் தண்டவாளங்களில் வழுக்கிக்கொண்டு வந்து டிராம் வண்டியின் அடிவயிறு வரை எட்டுகிறது. கீழே குழியில் நின்று பிரேக்கை முடுக்கும் மெக்கானிக்குக்குச் சக்கரங்களின் இடுக்கில் நகரம் துண்டு துண்டாகத் தெரிகிறது: மணிக்கூண்டின் அடிப்பாகம், ஆற்றுப் பாலத்தின் ஒரு வளைவு, விளையாட்டு மைதானத்தின் சுவர். பாலத்தை மறைத்துக்கொண்டு ஒரு ஜோடி செருப்பு வந்து நிற்கிறது. வண்டியின் ஓட்டுநர்தான், மெக்கானிக்கின் தங்கை கணவன். தங்கையைக் கை நீட்டி அடித்ததற்காகப் போன வாரம்தான் நடுத்தெருவில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தான் மெக்கானிக். அடியில் ஆள் இருக்கும்வரை வண்டி முகப்பில் சிவப்புப் பலகை தொங்க வேண்டும்; அது தொங்கும்வரை வண்டியை யாரும் நகர்த்தக் கூடாது. மாட்டியவன்தான் அதைக் கழற்ற வேண்டும். மேலே கொக்கி கிணுக்கென்கிறது. கீழே ஸ்பானர் அப்படியே நின்றுவிடுகிறது.

"மாப்ள, பலகையில கை வெச்சீங்களா?"

"ஒரே தூசி மச்சான். தொடைச்சு மாட்டலாம்னு எடுத்தேன்."

குரலில் தேன் ஒழுகுகிறது. மெக்கானிக் ஏணியில் ஏறி வருகிறான். பலகை பழைய இடத்தில் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் வெள்ளை வெளேரென்ற கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைக்கிறான். சாய்ந்த வெயிலில் பலகையின் தூசி பொன்னாக மின்னுகிறது, நான்கு விரல்கள் பதிந்த இடம் தவிர.