வெள்ளித்தாள்

பிற்பகல் இரண்டு மணிக்கே மூடுபனி ஹட்டன் மலையிலிருந்து இறங்கிக் கல்லூரி ஜன்னலைத் தொடுகிறது. புவியியல் துறைத் தலைவி சர்மிளா, துறையின் அடுத்த வருடத் தேவைப் படிவத்தில் 'புதிய கணினி 14' என்று எழுதிவிட்டு, ஒப்புக்குப் பழையவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறாள். பக்கத்துத் துறையில் ஈரம் ஏறிக் கணினிகள் எல்லாம் செத்துவிட்டன. இங்கே பதினான்கு திரைகளும் பளிச்சென்று விழிக்கின்றன. துப்புரவுப் பணியாளர் பெற்றீசியா, தேயிலைச் சாக்கின் உள்ளே வரும் வெள்ளித்தாள்களைச் சுருட்டிப் பிடித்தபடி வாசலில் நிற்கிறாள். "பனி ஏறுதுங்க மிஸ், மூடிறவா?" ஆறு வருடமாகத் தினமும் மூடுகிறாள், 'இந்தக் குப்பையைப் போடாதீங்க' என்று சர்மிளாதான் ஒருமுறை அதட்டியிருக்கிறாள். "முந்தி வேலை செஞ்ச தேயிலை பெக்டரியில தூளு நமுத்துப் போகாம இதுலதாங்க கட்டுவோம்" என்றபடி பெற்றீசியா முதல் கணினிக்குப் போர்த்துகிறாள். தாள் சரசரக்கிறது. சர்மிளா 'புதிய கணினி 14' என்ற வரியை அடித்துவிட்டு, வெகுநாளாக ஆசைப்பட்ட வரைபட அச்சுப்பொறியை எழுதுகிறாள். அதற்குக் கீழே, கருவிகளைப் பராமரிப்பவர் பெயர் என்ற கட்டம் வருடா வருடம் வெறுமையாகவே போகும். பேனா அங்கே நிற்கிறது. "அக்கா," சர்மிளா நிமிர்ந்து பார்க்கிறாள், "உங்க முழுப் பேரு என்னங்க?" பெற்றீசியாவின் கையில் வெள்ளித்தாள் பாதி விரிந்தபடி நின்றுவிடுகிறது. "ஏங்க மிஸ், ஏதும் பிழை விட்டுட்டேனா?"