சம்பந்தி வந்திருக்கார்

"ஏலே மாரி, சம்பந்தி சொல்றதை முழுசாச் சொல்லு. பாதியை முழுங்காத."

மகன் மாரிச்செல்வம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தான். "ரிஜிஸ்டர் ஆபீசுல நடக்குறதெல்லாம் கல்யாணமே இல்லைங்கிறாரு. போதுமா அய்யா?"

செல்லச்சாமிக்குப் போதவில்லை. இன்னும் கேட்க வேண்டும் போலிருந்தது.

வந்திருந்தவர் வால்டர், அமெரிக்காக்காரர், எழுபத்தைந்து வயது. அவர் மகன் டேனியலைத்தான் செல்லச்சாமியின் மகள் கோகிலா அங்கேயே சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டாள். கோபத்தில் செல்லச்சாமி போகவில்லை. வீட்டில் யாரையும் போகவும் விடவில்லை. நாலு வருடத்தில் மாரடைப்பில் டேனியல் போய்விட, கோகிலா திரும்பி வந்து இராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போதுதான் அப்பாவும் மகளும் நாலு வார்த்தை பேச ஆரம்பித்திருந்தார்கள். அதற்குள் இன்னொரு கல்யாணமாம். உச்சிப்புளி வேல்ராஜாம். நாளைக்குக் காலையில் ரிஜிஸ்டர் ஆபீசிலாம்.

"ஒருத்திக்கு ஒரு தாலிதாம்லே," என்று கத்திப் பார்த்தார்.

"அக்காவுக்கு அங்கன மோதிரம்தான போட்டாக. தாலி எங்கன கட்டுனாக?" என்றான் மாரி.

இது நடந்தால் அவள் முகத்தில் முழிப்பதில்லை என்று சொல்லியும் ஆயிற்று. சொன்ன அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. கோகிலா கேட்பதென்றால் மாமனார் பேச்சைத்தான் கேட்பாள். 'அவரும் உங்களை மாதிரிதான், அந்தக் காலத்து ஆளு' என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். மாரியை மிரட்டி வால்டருக்கு மெயில் போட வைத்தார். மறுவாரமே மனிதர் அவர்கள் ஊரான சிக்கலில் வந்து இறங்கிவிட்டார்.

முருகலட்சுமி இலை போட்டுக் கோழிக்குழம்பு ஊற்றினாள். வால்டர் கையை வைக்காமல் கண்ணை மூடினார். முணுமுணுப்புக்கு நடுவில் டேனியல் என்றும் கோகிலா என்றும் காதில் விழுந்தது. சோற்றைப் பிசைந்துவிட்ட செல்லச்சாமி, மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, வாயில் வைக்காமல் காத்திருந்தார்.

"வாராவாரம் கோயிலுக்குப் போவீகளோ?"

"மழையோ பனியோ, சர்ச்சுக்குப் போயிருவாராம். வீட்டுக்குள்ள பிராந்தி பாட்டிலே வரக் கூடாதாம்."

"நம்மாளு!" செல்லச்சாமி இடது கையால் தொடையைத் தட்டினார். "கவர்மெண்ட்டைப் பத்தி என்ன சொல்றாரு?"

"ரோடு போடு, எல்லையைக் காத்துக்க, அதோட நில்லுங்கிறாரு. குடும்பத்துக்குள்ள உனக்கென்ன வேலைங்கிறாரு."

"பட்டாவுல பேரு திருத்த என்னைய எப்படி அலையவிட்டாகன்னு சொல்லுலே!"

சொன்னான். வால்டருக்குக் கோபமே வந்துவிட்டது. தன் சொந்த நிலத்தில் ஒரு கொட்டகை போட அனுமதி கேட்டு அலைந்த கதையை அவர் எடுத்துவிட்டார்.

"அங்கனயும் தாலுகா ஆபீசு இருக்கா!" செல்லச்சாமி சிரித்ததில் புரையேறிவிட்டது.

வால்டர் சிரிக்கவில்லை. நிதானமாக ஏதோ சொன்னார். மாரி தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"கல்யாணம் கடவுள் முன்னாடி, பெத்தவுக முன்னாடி குடுக்குற வாக்காம். கிளார்க்கு சீல் குத்திக் குடுக்க அது என்ன டிரைவிங் லைசென்சான்னு கேக்குறாரு. நாளைக்கு அந்த ஆபீசுல நடக்க விடமாட்டாராம். திருப்தியா? அக்கா வாழ்க்கையைக் கெடுக்கக் கடல் தாண்டி ஆள் கூட்டியாந்துட்டீக."

"பெரியவுக பேச்சு உனக்கு விளங்காதுலே."

ரசம் ஊற்ற வந்த முருகலட்சுமி மட்டும், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வால்டரின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

காலையில் காரில் அவளும் ஒரு பையோடு ஏறினாள்.

"நீ எங்க வார? பையில என்ன?"

"செம்புல தண்ணி. வெயிலுக்கு வேணாமா?"

ரிஜிஸ்டர் ஆபீசுக்குள் வால்டரும் மாரியும் போனார்கள். செல்லச்சாமி காரை விட்டு இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கோகிலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். பின்னால் மாலைப் பையோடு வேல்ராஜ். கையெழுத்துப் போடவில்லை என்று மாரி வந்து சொன்னான். நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அழுகிற மகளைப் பார்க்க முடியாமல் செல்லச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வண்டியை ஊருக்கு விடச் சொல்லு."

கார் சிக்கல் பக்கம் போகவில்லை. உச்சிப்புளி ரோட்டில் ஓடி ஒரு முருகன் கோயில் வாசலில் நின்றது. பின்னாலேயே வேல்ராஜின் வேனும் வந்து நின்றது. அதிலிருந்து கோகிலாவும் இறங்கினாள்.

"இங்கன என்னலே?" என்றபடி செல்லச்சாமி இறங்கினார்.

வால்டர் மெதுவாகக் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"ஆபீசு வேணாம், சாமி முன்னாடி வச்சுக் கட்டுங்கன்னு சொல்லத்தான் வந்தாராம்," என்றான் மாரி. "பொண்ணைப் பெத்தவரு தன் கையால குடுத்தாத்தான் அது கல்யாணமாம்."

"நான் தாரை வார்க்க மாட்டேன்னா என்ன செய்வாராம்?"

முருகலட்சுமி பையிலிருந்து தண்ணீர்ச் செம்பை எடுத்து, யாரையும் பார்க்காமல், இருவருக்கும் நடுவில் படியில் வைத்தாள்.

வால்டர் சொன்னதை மாரி மொழிபெயர்த்தான். "அன்னைக்குச் சர்ச்சுல உங்க இடம் காலியா இருந்துச்சாம் அய்யா. இவருதான் அக்கா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, தன் மகன் கையிலேயே குடுத்தாராம். இன்னைக்கும் அந்த இடம் காலின்னா, திரும்பவும் நானே நிக்கிறேன் சம்பந்தீங்கிறாரு."

வால்டர் செம்புக்குக் குனிவதற்குள் செல்லச்சாமி அதைப் பிடுங்கிக்கொண்டார்.