நாலாம் நம்பர் ஜன்னல்

"பென்சில் தேய்ப்பு தெளிவா இல்ல. திரும்ப எடுத்துட்டு வாங்க."

நாலாம் நம்பர் ஜன்னல் அம்மா ஃபைலை வெளியே தள்ளினார். கைக்குப் பக்கத்திலேயே சீல் இருந்தது. அதைத் தொடக்கூட இல்லை.

வண்டியில் பொறித்திருக்கும் என்ஜின் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கிற சமாச்சாரம் அது. முழுசாக ஒரு காலை நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்த்திருந்தார் மனுஷன்.

"நல்லாத்தானே தெரியுது மேடம்?"

"எனக்குத் தெரியல. அடுத்த ஆள் வாங்க."

பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டில் உழைத்துவிட்டு அவர் ஆசையாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது அந்த மோட்டார் சைக்கிள் ஒன்றைத்தான். உள்ளூர் நம்பர் கிடைத்தால்தான் ரோட்டில் இறக்க முடியும். முதல் தேதி மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலைக்குச் சேரவேண்டும். சொந்த வண்டி இல்லையென்றால் வேலை இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது தடவை போனார். தேய்ப்பைப் பத்தி அந்தம்மா பேச்சே எடுக்கவில்லை.

"அந்த ஊர்ல வண்டியைப் பழுது பார்த்த பில் எல்லாத்தையும் கொண்டு வாங்க."

"பழுது பார்த்த பில்லா? அது எதுக்கு மேடம் உங்களுக்கு?"

"கொண்டு வாங்கன்னா கொண்டு வாங்க."

அந்த ஊர் ஒர்க்‌ஷாப்காரனை போனில் பிடித்துக் கெஞ்சிக் கூத்தாடி பில்லை வரவழைத்தார். மூன்றாவது தடவை, "இது அந்த ஊர் பாஷைல இருக்கே. மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோட வாங்க" என்றார் அந்தம்மா. நாலாவது தடவை, "விண்ணப்பத்தைப் புதுசா எழுதிடுங்க. என்ஜின் நம்பரை ஆர்.சி. புக்கைப் பார்த்து எழுதாதீங்க, வண்டியைப் பார்த்து எழுதுங்க" என்றார்.

அவருக்கு வந்த கோபத்துக்கு அந்த ஜன்னல் கம்பியைக் கடித்தே துப்பியிருப்பார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறு, "ஃபாரின் வண்டி இன்னிக்கும் வந்தாச்சா?" என்று பேர் வைத்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே கேட்டாள். "என்னங்க, முதல் தேதிலேருந்து நடராஜா சர்வீஸ்தானா?"

"நீ வேற ஏன்டி எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்துற? ஒரே நாள்ல முடிய வேண்டிய வேலை. அந்தம்மா ஏதோ எதிர்பார்க்குது."

"கேட்டாங்களா?"

"வாயைத் திறந்து கேப்பாங்களா? நாமளா புரிஞ்சுக்கணும்."

"அப்போ மேலிடத்துக்கு எழுதிக் கொடுங்க. தன்னால வழிக்கு வருவாங்க."

அதுவும் சரிதான் என்று பட்டது. ராத்திரியே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினார். இழுத்தடிப்பு, அலட்சியம், கடைசியில் கொட்டை எழுத்தில் லஞ்சம்.

காலையில் நேரே மாடியிலிருந்த புகார்ப் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்த கண்ணாடிக்காரர் கடிதத்தை வாங்கினார், டப்பென்று சீல் குத்தினார், ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். மொத்தம் ஒரு நிமிஷம்.

"வேலைன்னா இப்படில்ல இருக்கணும்" என்று மனதாரப் பாராட்டிவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

நாலாம் நம்பர் ஜன்னல். அந்தம்மா புது விண்ணப்பத்தைப் பார்த்தார். தேய்ப்போடு ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து ஒப்பிட்டார். சீலை எடுத்துக் குத்திவிட்டார்.

"முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை நம்பர் வாங்கிக்கலாம்."

புகார் அதுக்குள்ள வேலை செய்யுதே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனது அவருக்கு.

"இன்னிக்கு மட்டும் சீல் எப்படி மேடம் தானா விழுது?"

அந்தம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார். ஆபீசர் நாற்காலி காலியாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், நீங்க முதல் நாள் கொண்டுவந்த தேய்ப்பு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல இருந்த என்ஜின் நம்பர் வேற, நீங்க எழுதின நம்பர் வேற. அந்த ஊர்ல என்ஜின் மாத்தியிருக்கீங்க, அதுக்குத்தான் பில் கேட்டேன். நீங்க பழைய புக்கைப் பார்த்து எழுதிட்டீங்க. நான் அன்னிக்கே சீல் போட்டிருந்தா, திருட்டு வண்டின்னு, பிடிச்ச வண்டியெல்லாம் போட்டு வைக்கிற யார்டுக்கு இழுத்துட்டுப் போயிருப்பாங்க. யார்டுக்குப் போன வண்டி முழுசா திரும்பி வந்து நான் பார்த்ததில்ல."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்."

"நம்பர் மாறியிருக்குன்னு நான் வாயால சொன்னா, ஆபீசர் காதுல விழும். அப்புறம் திருட்டு சந்தேகம்னு எழுதித்தான் ஆகணும். சீல் விழாத வரைக்கும் அது வெறும் பேப்பர், எத்தனை தடவை வேணும்னாலும் திருத்திக்கலாம். சீல் விழுந்துட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அலைய விட்டதுக்கு மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க."

அவர் நன்றி கூடச் சொல்லவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினார்.

"சார், காலைல ஒரு புகார் கொடுத்தேனே, அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க. புரியாம எழுதிட்டேன்."

"நாலாம் நம்பர் ஜன்னல் அம்மா மேல கொடுத்தீங்களே, அதுவா? பயப்படாதீங்க சார். பதினெட்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் பதவி உயர்வுப் பட்டியல்ல அவங்க பேர் வந்துச்சு. புகார் இருக்குன்னதும் எடுத்துட்டாங்க."

"ஐயோ, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல சார். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

கண்ணாடிக்காரர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"அது எப்படி சார் முடியும்? உங்க கண்ணு முன்னாடிதானே சீல் போட்டேன்."