நாலாயிரம் வீட்டு மின்சாரம்

ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மின்சாரத்தை அளந்து கொடுத்த காலம் அது. பாளையங்கோட்டையின் பழங்காலக் கல்லூரி வெயிலுக்கு லாயக்கில்லை என்றார்கள்; அதை இடிக்காமல் விடவேண்டுமானால், அதன் பெரிய மண்டபத்தைச் சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் குளிர்ச்சியாக வைத்து அரசு அதிகாரிக்குக் காட்ட வேண்டும். பழைய மாணவர்களின் நன்கொடையில் சுவர்களுக்குள் குளிர்குழாய்கள் பதித்தாகிவிட்டது. அவற்றை ஓட்டத்தான் மின்சாரம் இல்லை. நாலாயிரம் வீடுகள் தங்கள் அன்றைய பங்கைக் கொடுத்தால் போதும். காலை பத்து மணிவரை எண்ணூறு வீடுகள்தான் கொடுத்திருந்தன.

கல்லூரி முதல்வர் வீடுகளுக்கு அனுப்பிய வேண்டுகோளை நம்பி உட்கார்ந்திருக்க ஆய்வக உதவியாளர் மரியசெல்விக்கு மனம் வரவில்லை. போனை எடுத்தாள். முப்பது வருட மாணவர்களும் அவளுக்கு மனப்பாடம்.

"ஏல இசக்கி, மூணு பிப்பெட்டை உடைச்சிட்டு அழுதியே, மறந்துட்டியா? இன்னைக்கு ஒரு நாள் ஃபேனை நிறுத்துல."

"நிறுத்தியாச்சுக்கா. தெருவையே நிறுத்தச் சொல்லுதேன்."

ஒன்றரை மணிக்குக் கணக்கு நாலாயிரத்தைத் தாண்டியது. இரண்டு மணிக்குக் குழாய்கள் ஓடத் தொடங்கின. ஐந்து மணிக்கு அதிகாரி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "கட்டடம் நிக்கட்டும்" என்று கையெழுத்திட்டார்.

மரியசெல்வி வாசலுக்கு ஓடினாள். தெரு நெடுக, தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டு வியர்வையில் நனைந்த சனங்கள் செய்தித்தாளால் விசிறியபடி அவள் முகத்தையே பார்த்து நின்றார்கள்.

"செயிச்சாச்சு," என்றாள். "ஏன் இன்னும் வெயில்ல நிக்கிய? உள்ள குளுகுளுன்னு கிடக்கு. எல்லாரும் வந்து உக்காருங்க."

மண்டபத்தின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டாள்.