மெனுத் திரையில் அக்கா

அந்த கம்ப்யூட்டர் கேமைத் திறந்ததும் வரும் மெனுவுக்குப் பின்னால் ஒரு கோட்டையின் வீடியோ ஓடும். அதைத் தூக்கிவிட்டு அக்காவின் வீடியோவை வைத்தான் தம்பி. இருவரும் சேர்ந்து விளையாடிய கேம் அது. அக்கா இறந்து இரண்டு வருடமாகிறது. அவன் தனியாக இருக்கிறான்.

வீடியோவில் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு வாளியிலிருந்து துணியை எடுத்து மாடிக் கொடியில் காயப்போடுகிறாள். அதில் சரியாக இருபது விநாடி மட்டும் வெட்டியெடுத்து, சத்தத்தை எடுத்துவிட்டு, பழைய கோட்டை வீடியோ ஃபைலின் பெயரிலேயே போட்டான். வீடியோ முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது.

ஞாயிறு காலை அதை ஓடவிட்டுக் குளிக்கப் போனான். வந்து பார்த்தால் கொடி நிறையத் துணி, வாளி காலி. ஃபைலைத் தனியாகத் திறந்து பார்த்தான். அதில் அதே இருபது விநாடிதான். வாளியில் பாதித் துணி அப்படியே இருந்தது.

மெனுவுக்குத் திரும்பினான். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"இன்னும் இல்லக்கா."

"மணி என்ன ஆகுது பாரு. மொதல்ல சாப்பிடு."

தட்டை எடுத்துவந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டான். யாராவது சொல்லி அவன் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

திங்கட்கிழமை மேனேஜருக்கு போன் செய்தான்.

"ரெண்டு நாள் லீவு வேணும் சார். வீட்டுக்கு அக்கா வந்திருக்காங்க."