பெரியப்பா வச்ச சேனை

"கஞ்சப்பிசினாரி கையால சேனை வச்சா பிள்ளை எப்படித்தான் பால் குடிக்கும்? அவரு வீட்ல ஈகூடப் பட்டினியாத்தான் திரும்பிப் போகும்!"

"எங்க பெரியப்பாவச் சொல்ற வாய்க்கு, உங்க மக மாருல பால் இருக்கான்னு மொதல்ல பாருங்கத்தே!"

தெருமுனையிலேயே மாதவனுக்குக் கேட்டுப்போச்சு. திருச்சுழியில மளிகைக் கடையச் சாத்திட்டு, பொண்டாட்டி பிள்ளையப் பாக்க அப்பத்தான் பாலவனத்தத்துல பஸ்ஸ விட்டு இறங்கியிருந்தான். மொத சத்தம் மாமியா கோகிலாம்பாள். ரெண்டாவது, பிள்ளை பாக்க வந்த அவன் அக்கா சோலையம்மாள்.

பிறந்த பிள்ளை நாக்குல மொதமொத சீனித்தண்ணி தொட்டு வைக்கிறதுதான் சேனை. வச்சவுக குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கிடும்னு அந்தப் பக்கம் எல்லாரும் நம்புவாக. அதனால வசதியான ஆளாப் பாத்து, அருப்புக்கோட்டையில வத்தல் மண்டி வச்சிருந்த பெரியப்பா பொன்னுச்சாமிய ஆசுபத்திரிக்குக் கூட்டியாந்தது சோலையம்மாள்தான்.

"வசதி வந்துச்சா? கஞ்சத்தனம்ல வந்திருக்கு! கண்ணு ஆபரேசன் பண்ணுன கறுப்புக் கண்ணாடியக்கூடக் கழட்டல மனுசன். ஒரு ஆளத்தான் வார்டுக்குள்ள விடுவேன்னு நர்சம்மா சொல்லவும், சீனித்தண்ணிய வேட்டி மடிப்புல மறச்சுக்கிட்டு விறுவிறுன்னு போனாரு, விறுவிறுன்னு வந்தாரு. ஒரு சட்டைத்துணி எடுத்தாந்தாரா?"

"பெரியவுகள அப்படிப் பேசாதீக, ஆமா!"

உள்ள அவன் பொண்டாட்டி தங்கச்செல்வி பிள்ளைக்குப் பால் குடுக்கப் பாத்துக்கிட்டிருந்தா. பிள்ளை மாருல வாய வச்சு, டக்கு டக்குன்னு சத்தம் போட்டு, விட்டுட்டு, வீல்னு கத்துச்சு. திரும்ப வச்சா அவளுக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. காம்பெல்லாம் வெடிச்சுப் புண்ணு. பால் ஊறணும்னு பூண்டு, கருவாடு, சுறாப்புட்டுன்னு தின்னு தின்னு, அவ பக்கத்துல போனாலே ராமேசுரத்துக்குப் போன மாதிரி இருந்துச்சு.

மாதவன் பிள்ளையக் கையில வாங்குனான். கால்கிலோப் பருப்பக் கண்ண மூடிக்கிட்டு அள்ளுற கை அது. ஆசுபத்திரியில தூக்குனதுக்கு இப்ப லேசா இருந்துச்சு.

"எவுக குணமோ வந்துட்டுப் போகட்டும். பிள்ளை உசுரு தங்கணும்ல? கெளம்பு டவுனுக்கு!"

ரெண்டு பொம்பளைகளும் கூடவே ஏறிக்கிட்டாக. சண்டைக்குத் தனியா டிக்கெட் போடட்டான்னு கண்டக்டர் கேட்டுப் பாத்தாரு. அப்பவும் அடங்கல.

டாக்டரம்மா மொத வேலையா அந்த ரெண்டு பேரையும் வெளிய உக்கார வச்சாக. அப்புறம், "நீ பால் குடு தாயி, நான் பாக்கேன்"னாக. பிள்ளை விட்டுட்டு அழ ஆரம்பிக்கவும், விரல வச்சு நாக்கத் தூக்கிக் காட்டுனாக.

நாக்குக்கு அடியில சின்னதா ஒரு சவ்வு. நுனி வரைக்கும் இழுத்துக் கட்டுன மாதிரி இருந்துச்சு. அந்தக் கத்து கத்தியும் நாக்கு மேல எந்திரிக்கல.

"உனக்கு நல்லாத்தான் பால் ஊறுது. இவனால நாக்க நீட்டி இழுக்க முடியல, அதான் வெறும் காம்பப் போட்டுக் கடிக்கான். இந்த மாதிரி இருக்குற எல்லாப் பிள்ளைக்கும் வெட்டணும்னு இல்ல. இவனுக்கு வெட்டி விட்டாத்தான் நல்லது."

கத்திரியக் கண்டதும் மாதவன் சொவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டான். அவன் திரும்பி முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சுபோச்சு. துளியூண்டு ரத்தம், ஒரு வீல், அம்புட்டுத்தான்.

ஒடனே மாருல போடச் சொன்னாக. "வாய ஆன்னு தொறக்கட்டும். காம்ப மட்டும் குடுக்காத, சுத்தியிருக்க கருப்போட சேத்துக் குடு. வாரம் ஒருக்கா எடை பாக்கக் கொண்டாந்துரு."

டக்கு டக்கு சத்தம் நின்னுபோச்சு. பிள்ளை மடக்கு மடக்குன்னு முழுங்குனான். தங்கச்செல்வி முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு அழுதா. வலியில இல்ல.

அடுத்த மாசம் பெரியப்பா பிள்ளை பாக்க வந்தாரு. கன்னம் உப்பி, தொடையில மடிப்பு விழுந்து, குடிச்ச பால் கடவாயில ஒழுகக் கெடந்தான் பய.

"பாத்தீகளா! என் சேனை கொஞ்சம் லேட்டா வேலை செய்யும். செஞ்சா இப்படித்தான் செய்யும்!"

"பின்ன? ராசியான கையாச்சேண்ணே அது!"ன்னா கோகிலாம்பாள், கூசாம. சோலையம்மாள் தலையில அடிச்சுக்கிட்டா. நாக்கு வெட்டி விட்ட டாக்டரம்மாவ ஒருத்தரும் நெனைக்கக்கூட இல்ல.

எல்லாரும் காப்பி குடிக்கப் போனப்புறம் மாதவன் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்தான்.

"உங்கம்மா அன்னைக்கு பெரியப்பாவ அம்புட்டுப் பேச்சு பேசுச்சு. நீ ஒரு வார்த்த தடுக்கலையே?"

"எதுக்குத் தடுக்கணும்? எங்கம்மா அவரத் திட்டப்போயித்தான் உங்கக்கா என் பால விட்டுட்டு அவருக்குப் பரிஞ்சு பேசுனாக."

"அதுக்காக? சேனை வச்ச மனுசன்..."

தங்கச்செல்வி பிள்ளைய அடுத்த பக்கம் மாத்திப் போட்டுக்கிட்டே, மெதுவாச் சொன்னா.

"வச்சாருங்க. பக்கத்துக் கட்டில் அஸ்மா பிள்ளைக்கு."

ஏங்க, இத மாதவன் பெரியப்பாகிட்டச் சொல்லலாமா, வேணாமா? நீங்களே ஒரு வரி பதில் எழுதிப் போடுங்க.